தளம் மாற்றிய பிறகு பழைய லிங்க் பாதி 404 அடிக்குது, பாதி திறக்குது. என்ன கணக்கு இது?

ஏடுகாப்பான் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஊர் இலக்கிய வட்டத்தோட தளத்தைப் பார்த்துக்கிற பொறுப்பு என் தலையில. சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தவறாம வந்துடும். 2009லேர்ந்து வேர்ட்பிரஸ்ல ஓடின தளம், சுமார் 1,400 கட்டுரை. ஹோஸ்டிங் காசு வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போனதால, வட்டத்துல இருக்கிற ஒரு தம்பி எல்லாத்தையும் ஹ்யூகோவுக்கு (பக்கங்களை முன்னாடியே கட்டி வைக்கிற கருவி) மாத்தி ஒரு சின்ன விபிஎஸ்ல, அதாவது வாடகை சர்வர்ல, என்ஜின்எக்ஸ்ங்கிற வெப் சர்வர் மென்பொருள் போட்டு ஏத்திக் கொடுத்தார். இப்ப பக்கமெல்லாம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள வந்துடுது. வர்ற பக்கங்கள் மட்டும்.

கூகுள்ல தேடி வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு 404, அதாவது பக்கமே இல்லைங்கிற பதில். ஒரே மாசத்துல வந்த ரெண்டு கட்டுரையில ஒண்ணு திறக்குது, இன்னொண்ணு இல்லங்குது. ரெண்டாவது, கட்டுரைக்குள்ள எழுத்தாளர்கள் கொடுத்திருக்கிற வெளி லிங்க். அதுல எத்தனை உயிரோட இருக்குன்னு யாரும் பார்த்ததே இல்லை. மூணாவது, ஆண்டு மலர் பிடிஎஃப் சிலது திறக்கல. ஃபைல் சர்வர்ல கண்ணு முன்னாடி இருக்கு, பேரும் அதேதான், ஆனா 404.

தம்பிக்கு இப்ப வேலை ஜாஸ்தி, அவரைத் தொந்தரவு பண்ண மனசு வரல. எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு சொல்லுங்க.

குறும்பன் எழுதியது:

எதுக்கு மண்டையை உடைச்சுக்கிறீங்க? 404 வர்ற எல்லாத்தையும் முகப்புப் பக்கத்துக்கு 301 (நிரந்தரமாத் திருப்பி விடுற ரீடைரக்ட்) அடிச்சு விடுங்க. ஒரே வரி. டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சிடும்.

நிரல்மொழி எழுதியது:

குறும்பன் சொன்னதை மட்டும் செஞ்சுடாதீங்க சார். டாக்டர் வீட்டைத் தேடி வந்தவரை பஸ் ஸ்டாண்டுல கொண்டு போய் விடுற வேலை அது. கட்டுரை தேடி வந்தவர் முகப்பைப் பார்த்துட்டு, தான்தான் தப்பா வந்துட்டோம்னு போயிடுவார். கூகுளும் அந்த மாதிரி ரீடைரக்ட்டை சாஃப்ட் 404னு கணக்குல எடுத்துக்கும், அதாவது பக்கம் இல்லைன்னே வச்சுக்கும். அதைவிட மோசம், உங்களுக்கே எது உடைஞ்சிருக்குன்னு தெரியாமப் போயிடும். இப்ப 404ஆவது உண்மையைச் சொல்லுது.

திறக்கிற கட்டுரை ஒண்ணு, திறக்காத கட்டுரை ஒண்ணு, ரெண்டோட தலைப்பையும் போடுங்க. தலைப்பு முழுசா வேணும்.

ஏடுகாப்பான் எழுதியது:

திறக்கிறது: "அணிந்துரை".
திறக்காதது: "சங்க இலக்கியத்தில் நெய்தல் திணை".

ரெண்டும் ஒரே ஆசிரியர், ஒரே வாரம். வேற எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியல.

நிரல்மொழி எழுதியது:

நினைச்சது சரியாப் போச்சு. வித்தியாசம் தலைப்போட நீளம்.

வேர்ட்பிரஸ் தலைப்பிலேர்ந்து முகவரித் துண்டு ஒண்ணு தயாரிக்கும், அதை ஸ்லக்னு சொல்வாங்க. தரவுத்தளத்துல அதுக்கு ஒதுக்கினது 200 இடம். இங்கிலீஷ் தலைப்புக்கு அது தாராளம். தமிழ்ல அப்படி இல்லை. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யுடிஎஃப்-8ங்கிற குறியாக்கத்துல 3 பைட். ஒவ்வொரு பைட்டையும் முகவரியில எழுதும்போது ஒரு சதவீதக் குறியும் ரெண்டு எழுத்துமா 3 இடம் பிடிக்கும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறி, அதையும் மறந்துடக் கூடாது.

உங்க தலைப்பையே எண்ணிப் பாருங்க. "சங்க": ச, ங, புள்ளி, க. 4 குறி, 36 இடம். இடைக்கோடு 1. "இலக்கியத்தில்" 13 குறி, 117 இடம். இன்னொரு இடைக்கோடு 1. இதுவரைக்கும் 155. மிச்சம் 45 இடம், அதாவது 5 குறி. ந, எகரக் கொம்பு, ய, புள்ளி, த. அவ்வளவுதான், 200 முடிஞ்சது. வேர்ட்பிரஸ்ல அந்தக் கட்டுரையோட முகவரி "சங்க-இலக்கியத்தில்-நெய்த". அத்தோட வெட்டு.

ஹ்யூகோவுக்கு அந்த 200 கணக்கே கிடையாது. உங்க தம்பி எழுதின ஸ்கிரிப்ட் முழுத் தலைப்பையும் முகவரி ஆக்கியிருக்கும். "சங்க-இலக்கியத்தில்-நெய்தல்-திணை". கூகுள்ல இருக்கிறது "நெய்த", உங்ககிட்ட இருக்கிறது "நெய்தல்-திணை". சந்திக்கவே சந்திக்காது. "அணிந்துரை" மாதிரி 22 குறிக்குள்ள முடியுற தலைப்பெல்லாம் வெட்டுப்படாததால அதே முகவரியில அப்படியே இருக்கு.

ஏடுகாப்பான் எழுதியது:

இப்பதான் திறக்காத பட்டியலை எடுத்துப் பார்த்தேன். எல்லாமே நீளத் தலைப்பு! எங்க ஆளுங்க தலைப்புல கஞ்சத்தனமே காட்ட மாட்டாங்க. "ஒரு பார்வை", "ஓர் ஆய்வு" இல்லாம ஒருத்தரும் முடிக்க மாட்டாங்க.

குறும்பன் எழுதியது:

நெய்தல் திணைக்கு அடுத்து நெய்தல் நிலம்னு ஒரு கட்டுரை வந்திருந்தா என்ன ஆகும்? ரெண்டும் ஒரே இடத்துல வெட்டுப்படுமே?

நிரல்மொழி எழுதியது:

நல்ல கேள்வி. ஒரே ஸ்லக் ரெண்டு கட்டுரைக்கு வந்தா வேர்ட்பிரஸ் பின்னால இடைக்கோடு போட்டு 2னு சேர்க்கும். அந்த 2க்கும் கோட்டுக்கும் இடம் விடணுமே, அதனால இன்னொரு குறியைக் கழிச்சுடும். "த" போயிடும். ரெண்டாவது கட்டுரை முகவரி "சங்க-இலக்கியத்தில்-நெய்-2".

குறும்பன் எழுதியது:

சங்க இலக்கியத்தில் நெய், பாகம் 2. நான் படிப்பேன் இதை.

மலைக்கோட்டை எழுதியது:

சரி, காரணம் கிடைச்சாச்சு. நான் எஸ்இஓ (தேடுபொறியில தளத்தை மேல கொண்டு வர்ற) வேலை பார்க்கிறவன், அதனால சொல்றேன். பழைய வெட்டுப்பட்ட முகவரியிலேர்ந்து புது முழு முகவரிக்கு 301 ரீடைரக்ட் போட்டா போதும். புது முகவரிதான் படிக்கவும் நல்லா இருக்கு.

நிரல்மொழி எழுதியது:

போடலாம் தோழர். ஆனா என்னைக் கேட்டா, ரீடைரக்ட்டே வேண்டாம்பேன். 15 வருஷமா வெளியில சுத்திக்கிட்டிருக்கிற முகவரி பழையது. மத்தவங்க பதிவுகள்ல, விக்கிப்பீடியா மேற்கோள்ல, யாரோ ஒருத்தரோட முனைவர் பட்ட ஆய்வேட்டுல எல்லாம் அதுதான் அச்சாகியிருக்கும். புது முகவரிக்கு வயசு என்ன, சில வாரம். எதை மாத்துறது சுலபம்? வலையைக் கண்டுபிடிச்ச டிம் பெர்னர்ஸ்-லீ 1998லயே இதைத்தான் எழுதினார், நல்ல முகவரி மாறவே மாறாதுன்னு. அழகுக்காக முகவரியை மாத்துற பழக்கம் எனக்கு எப்பவுமே ஒப்பாது.

ஏடுகாப்பான் சார், வேர்ட்பிரஸ்லேர்ந்து எக்ஸ்போர்ட் எடுத்த எக்ஸ்எம்எல் ஃபைல் இருக்குமே? அதுல ஒவ்வொரு கட்டுரைக்கும் பழைய ஸ்லக் அப்படியே இருக்கும், சதவீதக் குறியோட. அதை டீகோட் பண்ணி, அதாவது திரும்பத் தமிழா மாத்தி, ஹ்யூகோவுல ஒவ்வொரு கட்டுரையோட தலைப்பகுதியிலயும் யூஆர்எல் அப்படிங்கிற புலத்துல போட்டுடுங்க. தளத்தைத் திரும்பக் கட்டினா பழைய முகவரி எல்லாம் அதே இடத்துல வந்து உட்காரும். இந்த சில வாரத்துல யாராவது புது முகவரியைப் பகிர்ந்திருந்தா, அதை மட்டும் ஏலியஸா, அதாவது மாத்து முகவரியா கொடுங்க.

இதுல இன்னொரு லாபமும் உண்டு. லினக்ஸ்ல ஒரு ஃபோல்டர் பேரு 255 பைட்டைத் தாண்டக் கூடாது. தமிழ்ல 85 குறி. முழுத் தலைப்பை ஃபோல்டர் பேரா வச்சா, "ஓர் ஆய்வு" கோஷ்டி என்னைக்காவது ஒரு நாள் அதையும் தாண்டி பில்டையே, அதாவது தளம் கட்டுற வேலையையே நிறுத்திடும்.

மலைக்கோட்டை எழுதியது:

தளம் இன்னும் சின்னதா இருக்கும்போதே சுத்தமான முகவரிக்குப் போயிடறதுதான் நல்லதுன்னு நான் இன்னமும் நினைக்கிறேன். ஒரு வருஷமாவது ரீடைரக்ட்டை வச்சிருங்கன்னு கூகுளே சொல்லுது, அதுக்கு மேல தேவையில்லை. ஆனா இது உங்க வீடு, உங்க இஷ்டம்.

நிரல்மொழி எழுதியது:

ஒரு வருஷம் கூகுளுக்குப் போதும். ஆய்வேட்டுல அச்சான முகவரிக்கு யார் போய்ச் சொல்றது?

எப்படியும் கொஞ்சம் ரீடைரக்ட் போட்டே ஆகணும், அதனால ஒரு எச்சரிக்கை. வேர்ட்பிரஸ் சதவீதக் குறி முகவரியைச் சின்ன எழுத்துல எழுதும், பிரவுசர்கள் தமிழை மாத்தி அனுப்பும்போது பெரிய எழுத்துல அனுப்பும். விதிப்படி ரெண்டும் ஒண்ணுதான். ஆனா என்ஜின்எக்ஸ்ல ரிக்வெஸ்ட்_யூஆர்ஐ மாறியை வச்சு ஒப்பிட்டீங்கன்னா, அது வந்த எழுத்தை அப்படியே பார்க்கும், பாதி பேருக்கு ரீடைரக்ட் வேலை செய்யாது. வெறும் யூஆர்ஐ மாறியை வச்சுக்குங்க, அது டீகோட் ஆனது. கட்டமைப்பு ஃபைல்லயும் தமிழைத் தமிழாவே எழுதலாம்.

பழைய தளத்துல "?" போட்டு பி, சமன், எண் அப்படின்னு குட்டி முகவரியும் ஓடியிருக்கும். வாட்ஸ்அப்ல சுத்துறது பாதி அதுதான். என்ஜின்எக்ஸ்ல லொக்கேஷன் பிளாக் கேள்விக்குறிக்குப் பின்னால இருக்கிறதைப் பார்க்காது. ஆர்க்_பி மாறிக்கு ஒரு மேப் போட்டு, எண்ணுக்கு நேரா முகவரியைக் கொடுங்க. கட்டுரை எண்ணும் அதே எக்ஸ்எம்எல்ல இருக்கு. ஃபீட் (புதுக் கட்டுரைகளை அனுப்புற ஓடை) முகவரியையும் புது இண்டெக்ஸ் எக்ஸ்எம்எல்லுக்குத் திருப்பிடுங்க. ஓடை வழியாப் படிக்கிறவங்க சத்தம் போட மாட்டாங்க, சும்மா காணாமப் போயிடுவாங்க.

ஏடுகாப்பான் எழுதியது:

எக்ஸ்போர்ட் ஃபைல் இருக்கு! கும்பிடு போட்டுக்கிறேன். ஆனா அதுல இல்லாத பழைய முகவரி ஏதாவது இருந்தா? 2012 வாக்கில ஒரு தடவை முகவரி அமைப்பை மாத்தினோம்னு ஞாபகம். அதுக்கு முன்னாடி வருஷம், மாசம் எல்லாம் முகவரியில வரும்.

வடலி எழுதியது:

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில ஆவணப்படுத்தல் வேலையில இருக்கிறன், இதே பாடு நாங்களும் பட்டனாங்கள்.

பழைய முகவரிகளை எடுக்க மூண்டு இடம் இருக்கு. ஒண்டு, உங்கட சர்வர் லொக், அதாவது வருகைப் பதிவு. அதில 404 வந்த வரிகளை மட்டும் பிரிச்சு, எது கூடத் தரம் வருகுது எண்டு வரிசைப்படுத்துங்கோ. ஆக்கள் உண்மையில தட்டுற கதவு எது எண்டு அப்பதான் தெரியும். ரெண்டாவது கூகுள் சர்ச் கன்சோல். அதில காணாத பக்கங்களின்ர பட்டியல் வரும், ஆனால் 1,000 வரிக்கு மேல தராது. மூண்டாவதுதான் எனக்குப் பிடிச்சது: இன்டர்நெட் ஆர்கைவின்ர வேபேக் மெஷின். அதுக்கு சிடிஎக்ஸ் எண்டு ஒரு சேவை இருக்கு. உங்கட டொமைன் பெயரைக் குடுத்தால், அவை எந்தக் காலத்திலயாவது எடுத்து வைச்ச எல்லா முகவரியையும் திகதியோட வரிசையாத் தரும். நீங்கள் மறந்து போன 2012க்கு முந்தின அமைப்பும் அதில கிடக்கும்.

லொக்கில படங்களையும் பாருங்கோ. கட்டுரை திறந்தாலும் உள்ளுக்கு இருக்கிற படம் உடைஞ்சிருந்தால் ஒருத்தரும் முறைப்பாடு சொல்ல மாட்டினம்.

நிரல்மொழி எழுதியது:

வடலி அக்கா சொன்னதோட, உள் லிங்க் சோதனைக்கு லைச்சீன்னு ஒரு கருவி இருக்கு, ரஸ்ட்ல எழுதினது, இலவசம். ஹ்யூகோ கட்டித் தர்ற பப்ளிக் ஃபோல்டர்மேலயே ஓட்டலாம். முதல்ல ஆஃப்லைன் முறையில ஓட்டுங்க, வலைக்கே போகாம உள்ளுக்குள்ள எது எதோட பொருந்தலைன்னு சொல்லிடும். கட்டளை வரி பழக்கம் இல்லைன்னா ஸ்க்ரீமிங் ஃப்ராக் இருக்கு. இலவசப் பதிப்பு 500 முகவரியோட நின்னுடும், 1,400 கட்டுரைக்குப் பத்தாது.

வெளி லிங்க்கை அப்புறம் தனியா ஓட்டுங்க, மெதுவா. அதுல வர்ற பட்டியலை அப்படியே நம்பிடாதீங்க. 403 வந்தா பல நேரம் பக்கம் நல்லாத்தான் இருக்கும், ரோபோவை மட்டும் விரட்டியிருப்பாங்க. 429 வந்தா நீங்க வேகமாத் தட்டுறீங்கன்னு அர்த்தம். லிங்க்டுஇன் 999னு எந்த விதியிலயும் இல்லாத எண்ணைக் கொடுக்கும். 404, 410 (வேணும்னே எடுத்தது), டொமைனே இல்லைங்கிறது, இந்த மூணை மட்டும் முதல்ல எடுத்துக்குங்க.

ஏடுகாப்பான் எழுதியது:

யூஆர்எல் புலம் போட்டுத் திரும்பக் கட்டினேன். நெய்தல் திணை திறந்துடுச்சு. 404 வரிசை மடமடன்னு இறங்கியிருக்கு. நிரல்மொழி சார், உங்களுக்கு எங்க ஊர்ப் பக்கம் வந்தா டிகிரி காபி என் கணக்கு.

இப்ப வெளி லிங்க் ஓட்டினேன். பயமா இருக்கு. செத்ததுல பெரும்பகுதி பிளாக்ஸ்பாட். முகவரி கடைசியில டாட் இன். எல்லா வலைப்பதிவரும் ஒரே நேரத்துலயா கடையை மூடினாங்க?

பழையபதிவர் எழுதியது:

யாரும் மூடலை ஐயா. நாங்க இருக்கோம், எழுதறதுதான் இல்லை.

2012 தொடக்கத்தில் பிளாகர் நாட்டுக்கொரு முகவரி என்று ஆரம்பித்தது. ஒருவர் பிளாக்ஸ்பாட் டாட் காம் என்று வலைப்பூ வைத்திருந்தாலும், இந்தியாவிலிருந்து திறந்தால் டாட் இன் என்று மாறிக் காட்டும். வாசகர் அதைத்தான் முகவரிப் பட்டையிலிருந்து நகல் எடுத்துத் தன் பதிவில் ஒட்டுவார். தமிழ்ப் பதிவுலகம் சுறுசுறுப்பாக இருந்த காலம் அது, அதனால் ஆயிரக்கணக்கில் டாட் இன் இணைப்புகள் பரவிவிட்டன. 2018இல் அந்த மாற்றிக் காட்டுவதை நிறுத்திவிட்டார்கள். 2020இல் பிளாக்ஸ்பாட் டாட் இன் என்கிற பெயரே கூகுளின் கையை விட்டுப் போனது, வேறு யாரோ பதிவு செய்துகொண்டார்கள். இது அப்போது செய்தியாகவும் வந்தது.

உள்ளடக்கம் எங்கும் போகவில்லை. இன் என்பதைக் காம் என்று மாற்றினால் பெரும்பாலும் திறந்துவிடும். உங்களிடம் எல்லாம் இப்போது வெறும் உரைக் கோப்புகள்தானே, ஒரே மாற்றுக் கட்டளையில் முடிந்துவிடும்.

அதற்குப் பிறகும் திறக்காதவை உண்மையிலேயே அழிக்கப்பட்டவை. அங்கேதான் சங்கடம். பிளாகர் தமிழ்த் தலைப்பை முகவரியில் சேர்க்காது. வெறும் பிளாக்-போஸ்ட், அடிக்கோடு, ஓர் எண். அந்த முகவரியைப் பார்த்து அது எந்தப் பதிவு என்று கடவுளாலும் சொல்ல முடியாது. போதாக்குறைக்கு நம்மவர்கள் "அந்த விவாதத்தை இங்கே காணலாம்" என்று எழுதி, "இங்கே"யில் இணைப்பு கொடுப்பார்கள். தலைப்பும் இல்லை, எழுதியவர் பெயரும் இல்லை. இணைப்பு போனால் எல்லாமே போச்சு. இனிமேலாவது உங்கள் வட்டத்து எழுத்தாளர்களிடம், ஆசிரியர் பெயர், தலைப்பு, தேதி மூன்றையும் எழுத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

மலைக்கோட்டை எழுதியது:

செத்த வெளி லிங்க்குக்கு எங்க தொழில்ல ஒரு வழி இருக்கு. அதே தலைப்புல இப்ப உயிரோட இருக்கிற நல்ல பக்கம் ஒண்ணைத் தேடி மாத்திக் கொடுத்துடறது. வாசகருக்கும் பயன், தளமும் சுத்தமா இருக்கும்.

பழையபதிவர் எழுதியது:

கடைப் பக்கத்துக்கு அது சரி. இலக்கியக் கட்டுரைக்கு அது பொய். 2011இல் ஒருவர் இன்னொருவருடைய பதிவை மறுத்து எழுதியிருக்கிறார் என்று வையுங்கள். அந்த இணைப்பு செத்துப்போனது என்பதற்காக அதே தலைப்பில் வேறு யாரோ 2022இல் எழுதியதை அங்கே ஒட்டினால், அவர் எழுதாத ஆளை மறுத்ததாக ஆகிவிடும். கட்டுரையாளர் அன்றைக்கு எதைப் பார்த்தாரோ அதைக் காட்ட வேண்டும், முடியாவிட்டால் இல்லை என்று சொல்ல வேண்டும்.

மலைக்கோட்டை எழுதியது:

அதுவும் நியாயம்தான். ஊர் வழி கேட்கிற பக்கம், அரசாங்கப் படிவம், அகராதித் தளம் மாதிரி பொதுவான லிங்க்கை மட்டும் மாத்தலாம். மறுப்பு, விமர்சனம் எல்லாம் கை வைக்க வேண்டாம்.

வடலி எழுதியது:

பழையபதிவர் ஐயா சொல்லுறதுக்கு வேபேக்கில நல்ல வசதி ஒண்டு இருக்கு. அதின்ர முகவரியில 14 இலக்கத்தில ஒரு திகதி வரும்: வருசம், மாதம், நாள், மணி, நிமிடம், செக்கன். நீங்கள் எந்தத் திகதியைப் போட்டாலும், அதுக்குக் கிட்ட இருக்கிற பிரதிக்குக் கொண்டு போகும். அப்ப, கட்டுரை வெளியான திகதியைப் போட்டு இணைப்பைச் செய்தால், எழுதினவர் பார்த்த பக்கத்துக்கு ஆகக் கிட்டின பிரதி வாசகருக்குக் கிடைக்கும். ஹ்யூகோவில ஒவ்வொரு கட்டுரைக்கும் திகதி இருக்குமே, ஒரு சின்ன ஸ்கிரிப்ட்டாலயே எல்லாத்தையும் செய்யலாம். ஆனால் பிரதி இருக்கோ எண்டு முதல்ல கேட்டுப் போட்டுச் செய்யுங்கோ, இல்லாட்டி செத்த இணைப்புக்குப் பதிலா இன்னொரு செத்த இணைப்பு.

பிரதி இல்லாத இடத்தில நாங்கள் இணைப்பை எடுத்துப் போட்டு, சொல்லை அப்பிடியே விட்டு, பக்கத்தில "இணைப்பு இப்போது இல்லை" எண்டு சின்ன எழுத்தில போடுறனாங்கள். பழைய முகவரியை மூலக் கோப்பில குறிப்பா வைச்சிருக்கிறம், அழிக்கிறேல்ல. ஆராவது பிறகு வேற இடத்தில கண்டுபிடிக்கலாம்.

இது உங்கட தளத்தின்ர குறையும் இல்லை. பியூ ஆய்வு மையம் 2024இல வெளியிட்ட கணக்குப்படி, 2013இல இருந்த பக்கங்களில 38 சதவீதம் பத்து வருசத்தில இல்லாமப் போயிற்றுது. ஆங்கில விக்கிப்பீடியாவிலயே 54 சதவீதக் கட்டுரைகளில மேற்கோள் பகுதியில செத்த இணைப்பு ஒண்டாவது இருக்காம்.

ஏடுகாப்பான் எழுதியது:

வேபேக் ஸ்கிரிப்ட் ஓடிக்கிட்டிருக்கு. நடுவுல ஒரு கூத்து. எங்க தளத்துல அடிக்கடி மேற்கோள் காட்டின ஒரு சிற்றிதழோட தளம், கருவி எல்லாம் சரின்னு பச்சை காட்டிச்சு, 200. சும்மா ஒண்ணைச் சொடுக்கிப் பார்த்தா ஆன்லைன் சூதாட்டம்! சீட்டும் காசுமா கொட்டுது. அதுக்கு மேல எங்க கட்டுரை சொல்லுது, "சிறந்த கவிதை மொழிபெயர்ப்புகளுக்கு இத்தளத்தைப் பார்க்க". ஒரு பேராசிரியை இதைச் சொடுக்கியிருந்தா என்ன நினைச்சிருப்பாங்க?

குறும்பன் எழுதியது:

மொழிபெயர்ப்பு ரொம்பத் தாராளமா இருக்கேன்னு நினைச்சிருப்பாங்க.

நிரல்மொழி எழுதியது:

டொமைனைப் புதுப்பிக்காம விட்டா, காத்துக்கிட்டிருந்து பிடிக்கிற கூட்டம் ஒண்ணு இருக்கு. பழைய நல்ல பேரை வச்சுக் காசு பார்க்கிறது அவங்க பிழைப்பு. 404 தேடுற கருவி எதுவும் இதைக் காட்டாது, ஏன்னா அங்க உண்மையிலேயே ஒரு பக்கம் இருக்கு.

உங்களுக்கு ஒரு குறுக்கு வழி. நீங்க லிங்க் கொடுத்த பெரும்பாலான பக்கம் தமிழ்ப் பக்கம். யுனிகோடுல தமிழுக்குன்னு தனி வட்டாரம் இருக்கு, பதினாறடிமான எண்ணுல 0பி80லேர்ந்து 0பிஎஃப்எஃப் வரைக்கும். 200 வர்ற பக்கத்தையெல்லாம் இறக்கி, அந்த வட்டாரத்துக் குறி ஒண்ணுகூட இல்லாத பக்கத்தை மட்டும் தனியா எடுங்க. அதுல இங்கிலீஷ் தளங்களைக் கழிச்சா, மிச்சத்துல பாதி வாடகைக்கு வந்தவங்கதான்.

பழையபதிவர் எழுதியது:

நல்ல யோசனை. ஆனால் திஸ்கியில் எழுதப்பட்ட பழைய பக்கங்கள் எல்லாம் அந்த வலையில் மாட்டும், பார்த்துக்கொள்ளுங்கள். 2004க்கு முன்னால் பலரும் யுனிகோடுக்கு வரவில்லை. திஸ்கி 8 பிட் குறியாக்கம், பாமினி போன்றவை வெறும் எழுத்துருத் தந்திரம். இரண்டிலும் யுனிகோடுத் தமிழ் வட்டாரத்துக் குறி ஒன்றுகூட இருக்காது, ஆனால் பக்கம் நூற்றுக்கு நூறு தமிழ். இன்றைய பிரவுசரில் திறந்தால் பூச்சி பூச்சியாகத் தெரியும். உடைந்த பக்கம் என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள். இணைப்புக்குப் பக்கத்தில் "திஸ்கி குறியாக்கம்" என்று ஒரு குறிப்பு போட்டால், வேண்டியவர்கள் நகல் எடுத்து மாற்றியில் போட்டுப் படித்துக்கொள்வார்கள்.

ஏடுகாப்பான் எழுதியது:

சரியாச் சொன்னீங்க ஐயா, அந்த மாதிரி நாலஞ்சு மாட்டிச்சு. தனியா எடுத்து வச்சுட்டேன்.

பிடிஎஃப் கதைதான் பாக்கி. "தொகுப்பு 2013" அப்படிங்கிற ஃபைல் இருக்கு, லிங்க்லயும் அதே பேரு. எழுத்து எழுத்தா ஒப்பிட்டுப் பார்த்தாச்சு. "ஆண்டு மலர் 2014" மட்டும் பிரச்சினையே இல்லாமத் திறக்குது.

வடலி எழுதியது:

அந்தக் கோப்பை ஏத்தினவர் பழைய மக் கணினி வைச்சிருந்தவரோ?

ஏடுகாப்பான் எழுதியது:

ஆமாங்க! அப்போ மலர் வடிவமைச்சவர் மேக்ல தான் வேலை பார்ப்பார். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

வடலி எழுதியது:

"தொ" எண்டதில இருக்கிற ஒகரக் குறியை யுனிகோடில ரெண்டு விதமா எழுதலாம். ஒரே குறியாகவும் எழுதலாம், இல்லாட்டி எகரக் கொம்பும் காலும் எண்டு ரெண்டு குறியாப் பிரிச்சும் எழுதலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்டுதான். பழைய மக்கின்ர கோப்பு முறைமை பெயரை எப்பவும் பிரிச்சுத்தான் சேமிக்கும். நாங்கள் விசைப்பலகையில தட்டுறது வழமையா சேர்ந்த வடிவம். லினக்ஸ் சர்வருக்கு ரெண்டும் வேற வேற பெயர். "ஆண்டு மலர்" எண்டதில ஒ, ஓ, ஔ குறி ஏதும் இல்லை, அதாலதான் அது தப்பிச்சுது. உங்கட பட்டியலைப் பாருங்கோ, திறக்காத எல்லாத்திலயும் கொ, போ, மௌ மாதிரி ஏதாவது ஒண்டு இருக்கும்.

சர்வரில கன்வ்எம்வி எண்ட கருவியைப் போட்டு, என்எஃப்சி தெரிவோட அந்த ஃபோல்டரில ஓட்டுங்கோ, எல்லாப் பெயரும் சேர்ந்த வடிவத்துக்கு வந்திடும். நோடெஸ்ட் எண்டு சேர்க்காமல் ஓட்டினால் என்ன செய்யப் போகுது எண்டு மட்டும் காட்டும், ஒண்டையும் மாத்தாது. முதல்ல அப்பிடி ஓட்டிப் பாருங்கோ.

"ஸ்ரீ"யையும் கவனியுங்கோ. அதுவும் ரெண்டு விதமா எழுதுப்படுகுது, ஒண்டு ஸகரத்தோட, மற்றது ஶகரத்தோட. அதை என்எஃப்சி ஒண்டாக்காது, கையாலதான் மாத்த வேணும்.

ஏடுகாப்பான் எழுதியது:

தொகுப்பு, கோவை மலர், கௌரவ இதழ், எல்லாம் திறந்தாச்சு அக்கா. ஸ்ரீ ஒரு ஃபைல்ல இருந்துச்சு, கையால மாத்திட்டேன்.

கடைசியா ஒண்ணு. ஒரு எழுத்தாளர் தன்னோட ரெண்டு கட்டுரையை எடுத்துடச் சொல்லிக் கடிதம் போட்டிருக்கார். எடுத்தாச்சு. அந்த முகவரிக்கு 404 காட்டினா போதுமா, இல்ல வேற ஏதாவது செய்யணுமா? கூகுள்ல இன்னும் தலைப்பும் ரெண்டு வரியும் வருது, அதுதான் அவருக்கு வருத்தம்.

நிரல்மொழி எழுதியது:

410 கொடுங்க. 404ன்னா காணோம், 410ன்னா வேணும்னே எடுத்தாச்சு, இனிமே வராதுன்னு அர்த்தம். என்ஜின்எக்ஸ்ல அந்த ரெண்டு முகவரிக்கு மட்டும் தனி லொக்கேஷன், உள்ள ரிட்டர்ன் 410. முகவரியைத் தமிழாவே எழுதலாம், முன்ன சொன்ன மாதிரி. சைட்மேப்லயும் மத்த கட்டுரைகள்லயும் அந்த லிங்க் மிச்சம் இருக்கான்னு லைச்சீயை ஒரு தடவை ஆஃப்லைன்ல ஓட்டிப் பார்த்துக்குங்க. கூகுள் தானா எடுக்கிற வரைக்கும் பொறுக்க முடியலைன்னா, சர்ச் கன்சோல்ல நீக்கம் பகுதியில முகவரியைக் கொடுங்க. அது தற்காலிகம், ஆறு மாசம் மாதிரி மறைக்கும். அதுக்குள்ள 410ஐப் பார்த்து கூகுளே கழட்டி விட்டுடும்.